கணக்கில் வராத வெள்ளிக்கிழமை

தச்சநல்லூரில் ஒரு லாரி செட்டில் முப்பது வருஷம் கேட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். பெயர் வேதநாயகம். படிப்பு ஐந்தோடு சரி. ஆனால் ஒரு லாரி எந்த ஊருக்குப் போனது, எப்போது கிளம்பியது என்று சொன்னால் போதும், அது திரும்ப வந்து நிற்க வேண்டிய நேரத்தை நான் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ திருட்டு இருக்கிறது. டீசலை விற்றிருப்பான், சரக்கில் கை வைத்திருப்பான், இல்லையென்றால் போகக்கூடாத வீட்டுக்குப் போயிருப்பான். இதைக் கண்டுபிடிக்கத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்தார்.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். வண்டி உள்ளே வந்து என்ஜின் அணையும்வரை வாயைத் திறக்க மாட்டேன். மற்ற டிரைவர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போதுதான் கேட்பேன். ஒருவன் மாட்டினால் நாலு பேருக்குப் பயம் வரும். போகப்போக, நான் கேட்பதற்கு முன்னாலேயே அவர்கள் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோவில்பட்டியில் டீ, அரை மணி நேரம். சாத்தூர் தாண்டி டயர் பஞ்சர், முக்கால் மணி நேரம். மதுரையில் லோடு இறக்க ஆள் வரவில்லை, இரண்டு மணி நேரம். வாய்ப்பாடு சொல்வது மாதிரி சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் தலையை ஆட்டினால்தான் குளிக்கப் போவார்கள்.

செட்டை மூடி எட்டு வருஷம் ஆகிறது. என் புத்தி மட்டும் கேட்டை விட்டு எழுந்து வரவில்லை.

என் மகள் ஸ்வீட்லினுக்கு முப்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் நான் விசாரித்தேன். ஒருவன் வேலை பார்க்கிற கடைக்கு எதிரில் இரண்டு நாள் நின்று பார்த்தேன். இன்னொருவன் சர்ச்சுக்குப் போவதாகச் சொன்னான், அந்தச் சர்ச்சுக்கே போய்ப் பார்த்தேன், ஆளைக் காணோம். எல்லாரிடமும் ஏதாவது ஒன்று இருந்தது. தேடினால் யாரிடம்தான் இருக்காது? என் வீட்டுக்காரி சாலோமி முதலில் சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஸ்வீட்லின் எந்தக் காலத்திலும் ஒன்றும் சொன்னதில்லை.

எஸ்றாவின் சம்பந்தம் ஏரலில் இருந்து வந்தது. நாற்பத்திரண்டு வயது. தாய் தகப்பன் இல்லை, அக்கா ஞானப்பூதான் வளர்த்தாள். அக்காவின் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் கலியாணம் என்று இருந்துவிட்டான். வேலை நியூசிலாந்தில், பால் பண்ணை மிஷின்களைப் பழுதுபார்க்கிற வேலை. ஊர் கிறைஸ்ட்சர்ச். அந்தப் பெயரைக் கேட்டதுமே சாலோமிக்குப் பிடித்துவிட்டது. ஊர்ப் பெயரை நம்பி யாராவது பெண்ணைக் கொடுப்பார்களா என்று கேட்டேன். உங்க பேர் வேதநாயகம், அதை நம்பித்தான என்னைக் கொடுத்தாவ என்றாள்.

நாலு மாதமாக ஸ்வீட்லினும் எஸ்றாவும் வீடியோவில் பேசினார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நிச்சயத்துக்கு முன்னால் தனியாகப் பேசுவது எங்கள் வீட்டில் கிடையாது. ஆகவே அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், மாட்டைப் பற்றிப் பேசினார்கள். அங்கே இப்போது குளிரா என்று அவள் கேட்பாள். குளிர்தான் என்று அவன் சொல்வான். பிறகு இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். நான் போனை வாங்கி, சரி மாப்பிள்ளை, வைக்கட்டுமா என்பேன்.

நிச்சயத்தைச் சனிக்கிழமை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தப் புதன்கிழமை ஞானப்பூ போன் பண்ணினாள். தம்பி வியாழக்கிழமை காலையில் அங்கே பிளேன் ஏறுகிறான், சிங்கப்பூரில் இறங்கி ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கிறதாம், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் திருவனந்தபுரத்தில் இறங்குவான், சனிக்கிழமை விடிய ஏரல் வந்து, குளித்துவிட்டு நேரே உங்கள் வீட்டுக்குத்தான் என்றாள். சொல்லும்போது குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அந்த ஒரு நாள் உறுத்தியது. ஒரு நாள் முழுக்க ஒருவன் ஏன் உட்காருகிறான்?

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வீட்லின் தனக்கு நாகர்கோவிலில் பயிற்சி வகுப்பு என்றாள். புது பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டிப்போய் நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கை காட்டினாள். பஸ் போனதும் அங்கிருந்து மேலப்பாளையம் பக்கம்தானே என்று ஆட்டோ பிடித்தேன். அங்கே பஜாரில் ஃபர்ஹத் டிக்கெட் கடை வைத்திருக்கிறான். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எல்லாம் அவனிடம்தான் டிக்கெட் எடுப்பார்கள். அவனுடைய தகப்பன் காஜா மைதீன் எங்கள் செட்டில் டிரைவராக இருந்தவன்.

மாப்பிள்ளை வருகிற விவரத்தைச் சொல்லி, திருவனந்தபுரத்துக்கும் கிறைஸ்ட்சர்ச்சுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஃபர்ஹத் கம்ப்யூட்டரில் இரண்டு ஊரையும் தட்டினான். படத்தில் கடலுக்கு மேல் ஒரு கோடு விழுந்தது.

பதினோராயிரத்து நூறு கிலோமீட்டர், நிற்காமல் பறந்தால் பதிமூன்று மணி நேரம் என்றான்.

பதிமூன்று மணி நேரம். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணாச்சி, இது நேர்கோட்டுத் தூரம், இப்படி நேராக எந்தப் பிளேனும் போகாது, நடுவில் ஓர் இடத்தில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும், எல்லாம் சேர்த்து இருபது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் காத்திருப்பது இன்னும் அதிகமாகும் என்று பொறுமையாக விளக்கினான். அந்தக் கணக்கு எனக்குப் புரியாததல்ல. லாரியும் நேராகப் போகாது, செக்போஸ்ட்டில் நிற்கும், டீ குடிக்கும். எல்லாவற்றையும் தள்ளிக்கொடுத்துத்தான் நான் எப்போதும் கணக்குப் போடுவேன். தள்ளிக்கொடுத்தும் ஒரு பகல் மீந்தது.

இன்றைக்கு ராத்திரி சிங்கப்பூரில் இருந்து வருகிற பிளேன் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டேன். ஃபர்ஹத் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

“இன்னைக்கு ராத்திரி கிடையாது அண்ணாச்சி. நேத்து ராத்திரி ஒண்ணு இறங்கிருக்கு. அடுத்தது ஞாயித்துக்கிழமைதான்.”

ஆக எஸ்றா நேற்று ராத்திரியே இறங்கிவிட்டான். அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறான். இப்போது, இந்த நிமிஷம், எங்கேயோ இருக்கிறான். யாருடனோ இருக்கிறான். நான் எழுந்துவிட்டேன். எனக்கு வருத்தம் வரவில்லை. பிடித்துவிட்டோம் என்கிற அந்தப் பழைய சுகம்தான் வந்தது. எட்டு வருஷமாக அது வந்ததே இல்லை.

ஃபர்ஹத் கடை வாசல் வரை வந்தான். “மாப்பிள்ளையத் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க அண்ணாச்சி. எங்க வாப்பாவும் உங்க கேட்டுல நின்னவங்கதான். வீட்டுக்கு வந்தா ரெண்டு நாள் யார்கூடயும் பேச மாட்டாங்க.”

உன் வாப்பா நல்லவன்தான், அவன் மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை என்றேன்.

“பெறகு ஏன் கேட்டீங்க?” என்றான்.

எல்லாரிடமும் கேட்டால்தானே கேட்டுக்காரன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஸ்வீட்லின் வந்தாள். பஸ் தாமதம் என்றாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஆனாலும் தெளிவாக இருந்தது. சாலோமியோடு உட்கார்ந்து பூத் தொடுத்தாள். ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளே முனகிக்கொண்டிருந்தாள். பாவம், இந்தப் பிள்ளைக்குத் தெரியாதே, நாளைக்கு எப்படித் தாங்குவாள் என்று நினைத்தேன். அவளை நான்தான் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை ஏரலில் இருந்து ஒரு வேனில் வந்தார்கள். முன்னறையில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். எஸ்றா வீடியோவில் தெரிந்ததைவிட ஒல்லியாக இருந்தான். முன்மண்டையில் முடி குறைந்திருந்தது. என் கையைப் பிடித்து, நல்லாருக்கீங்களா மாமா என்று கேட்டான். கை சொரசொரப்பாக இருந்தது, வேலை செய்கிற கை. அது எனக்குப் பிடித்தது. பிடித்ததை அந்த இடத்திலேயே தள்ளி வைத்தேன்.

போதகர் ஜெபம் பண்ணினார். ஒரு வசனம் வாசித்துப் பேசினார். அடுத்து தாம்பாளம் மாற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் சேலை, பூ, பழம், வேதாகமம் வைத்த தாம்பாளத்தைப் பெண்ணின் தகப்பன் கையில் கொடுக்க வேண்டும். அதை வாங்கிவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். ஞானப்பூ தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்ஜின் அணைந்துவிட்டது. சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். நான் கையை நீட்டவில்லை.

“மாப்பிள்ளை, எப்ப இறங்கினீங்க?”

“ராத்திரி மாமா.”

“எந்த ராத்திரி?”

ஞானப்பூ சிரித்துக்கொண்டே, நேத்து ராத்திரிதான் அண்ணாச்சி, விடிய அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்தான் என்றாள்.

நேற்று ராத்திரி சிங்கப்பூரில் இருந்து பிளேன் கிடையாது என்றேன். மேலப்பாளையத்தில் விசாரித்ததைச் சொன்னேன். பதினோராயிரத்து நூறு கிலோமீட்டரைச் சொன்னேன். பதிமூன்று மணி நேரத்தைச் சொன்னேன். மாறி ஏற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், அதையும் தள்ளிக்கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்றேன். வியாழக்கிழமை ராத்திரி இறங்கியவர் சனிக்கிழமை விடியத்தான் ஏரல் வந்திருக்கிறார். நடுவில் ஒரு பகல் இருக்கிறது.

“வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?”

ஞானப்பூவின் கையில் தாம்பாளம் அப்படியே இருந்தது. அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

“வியாழக்கிழமையே இறங்கினது நெசம்தான் மாமா. எங்க இருந்தேன்னு மட்டும் கேக்காதீங்க. தப்பா ஒண்ணும் இல்ல.”

“தப்பு இல்லன்னா சொல்லலாமே.”

“சொல்ல மாட்டேன்.”

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. கேட்டுக்கிட்டீங்களா, ஒரு பகலைக் காணோம், கேட்டா சொல்ல மாட்டேங்காரு, இவரை நம்பிக் கடல் தாண்டி எப்படிப் பிள்ளையை அனுப்ப என்றேன். என் மச்சினன் ஒருவன் ஆமாம் என்றான். ஏரல்காரர்களில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். “ஏலே எஸ்றா, எங்கலே போன?” என்று ஞானப்பூ கேட்டாள். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவள். அவன் அவளிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவன் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்திருக்க வேண்டும். செட்டில் நான் பிடித்த ஒருவனும் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. திருடினவன் கட்டாயம் ஏதாவது சொல்வான். என் மூளைக்கு அது அப்போது எட்டவில்லை. எட்டுவதற்குள் உள் அறைக் கதவு திறந்தது.

ஸ்வீட்லினுக்குப் பாதித் தலைக்குத்தான் பூ வைத்திருந்தார்கள். மீதிச் சரம் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. முறைப்படி கூப்பிடாமல் பெண் வெளியே வரக்கூடாது. அவள் வந்து எஸ்றாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எங்கூட இருந்தாவ அப்பா. நாகர்கோயில்ல.”

எழுந்து நின்ற ஏரல் பெரியவர் திரும்ப உட்கார்ந்தார்.

“பயிற்சி வகுப்பு எதுவும் இல்ல. ஸ்கூல்ல இருந்து மெசேஜ் போட்டு நான்தான் வரச் சொன்னேன். அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. அக்காட்ட பொய் சொல்லணுமேன்னு ரொம்ப வருத்தப்பட்டாவ. நான்தான் வற்புறுத்துனேன்.”

போதகர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்தார்.

“எனக்கு அவியகிட்ட நேருக்கு நேரா ஒரு கேள்வி கேக்கணும். எம்மேல பிரியப்பட்டு வாராவளா, இல்ல அக்கா சொன்னாவன்னு வாராவளான்னு. உங்க நாற்காலிக்குப் பக்கத்துல இருந்து அதை எப்படிக் கேக்க?”

அவள் குரலைக் கூட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அந்த மாதிரி நிதானமாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டது, பிறகு சர்ச் வளாகத்தில் மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, நாலு மணி பஸ்ஸில் அவன் ஏற்றிவிட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அத்தனை பேருக்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்னால், சபைப் போதகருக்கு முன்னால். நாற்பதை நெருங்குகிற ஒரு பெண், ஒரு ஆணோடு பெஞ்சில் உட்கார்ந்ததைக் கணக்குச் சொன்னாள். எஸ்றா எதை மூடி வைக்க அக்காவின் கண்ணீரையும் தாங்கிக்கொண்டு நின்றானோ, அதை நான் இழுத்து ஜமுக்காளத்தில் போட்டுவிட்டேன்.

அவளை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டவனும் நான்தான். நேரமாகித் திரும்பி வந்தவளைப் பார்த்தவனும் நான்தான். அவளுடைய பகலை மட்டும் நான் கூட்டிப் பார்க்கவே இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டும். செட்டில் தப்பாகப் பிடித்ததும் உண்டு, அப்போதெல்லாம் ‘சரி, போ’ என்பேன், அவன் போய்விடுவான். இங்கே அப்படிச் சொல்ல முடியாது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். ஸ்வீட்லின் மட்டும் பார்க்கவில்லை. தோளில் தொங்கின சரத்தை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஞானப்பூ தாம்பாளத்தைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் தம்பியைப் பார்த்தாள், ஸ்வீட்லினைப் பார்த்தாள், நிறைய நேரம் பார்த்தாள்.

“எம்மா, அதுக்கு இவன் என்ன பதில் சொன்னான்?” என்று கேட்டாள்.

“பிளேனுல அவ்வளவு தூரமும் தூங்கலையாம்” என்றாள் ஸ்வீட்லின்.

ஏரல் பெண்களில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஞானப்பூவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அந்தக் கையை அவள் பார்த்தாள்.

“அண்ணாச்சி, எந்தம்பி திருடன் இல்ல” என்றாள். அவ்வளவுதான். என்னைத் தாண்டிப் போய், சமையல்கட்டு வாசலில் நின்ற சாலோமியின் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தாள். எங்கள் சொந்தத்தில் தகப்பன் உயிரோடு நிற்கும்போது தாய் கையில் தாம்பாளம் மாறி நான் பார்த்ததில்லை. போதகர் எழுந்து ஆசீர்வதித்தார். என் கை இரண்டும் இன்னும் நீட்டினபடியே இருப்பதை மச்சினன் தொட்டுச் சொன்னான்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. எஸ்றா என்னிடம் ஒரு குறையும் காட்டவில்லை, மாமா மாமா என்றுதான் கூப்பிட்டான். அதுதான் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு தரம் பக்கத்தில் போனேன். ஒரு தரம், மாத்திரை சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டான். இன்னொரு தரம் நாற்காலியை எடுத்துப் போட்டான். நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

ஸ்வீட்லினுக்கு விசா வர நாலு மாதம் ஆனது. எஸ்றா வந்து கூட்டிக்கொண்டு போனான். திருவனந்தபுரம் வரை நானும் சாலோமியும் காரில் போனோம். ஏர்போர்ட் வாசலில் ஸ்வீட்லின் என்னைக் கட்டிப்பிடித்து, போயிட்டு வாரேன்ப்பா என்றாள். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மறுநாள் சாயங்காலம் வரை அழைப்பு வரவில்லை. சாலோமி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஃபர்ஹத்திடம் கேட்டுப் பாருங்களேன் என்றாள். பைய வரட்டும் என்றேன். விளக்குப் போட்ட பிறகு போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

“அப்பா, வந்துட்டோம்” என்றாள். சரிம்மா என்றேன். போனைச் சாலோமியிடம் கொடுக்கப் போனேன். அதற்குள் ஸ்வீட்லின் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

“திருவனந்தபுரத்துல முக்கால் மணி நேரம் லேட்டா எடுத்தான்ப்பா. சிங்கப்பூர் வர நாலே கால் மணி நேரம். அங்கன அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஒரு காப்பி குடிச்சோம். அவிய கொஞ்சம் தூங்குனாவ. அங்க இருந்து பத்து மணி நேரம். இறங்கிப் பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். தின்பண்டம் இருக்கான்னு கஸ்டம்ஸ்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான், அது ஒரு அரை மணி நேரம்...”

“நான் கேக்கலையேம்மா” என்றேன்.

“இல்லப்பா, சொல்லிருதேன்.”

கோபமே இல்லை அந்தக் குரலில். கிண்டலும் இல்லை. கோவில்பட்டியில் டீ, அரை மணி நேரம் என்று காஜா மைதீன் சொல்வானே, அதே மாதிரி. ஏர்போர்ட்டில் இருந்து வீட்டுக்கு வந்த நேரத்தைச் சொன்னாள். வழியில் பால் வாங்கக் கடையில் நின்றதைச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் தலையை ஆட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் கூட்டிவிட்டேன். கூட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். அவள் சொல்லச் சொல்ல அது உள்ளே தானாகக் கூடிக்கொண்டே வந்தது. பிளேன் கிளம்ப வேண்டிய நேரத்தில் இருந்து போன் வந்த நேரம்வரை பார்த்தால், அவள் சொன்னதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

“சரிம்மா” என்றேன். “போய்க் குளி.”

சாலோமி கையை நீட்டினாள். போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.